பவானிசாகர் அணையில் 102 அடியிலேயே ஏன் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பவானிசாகர் மண்ணால் கட்டிய அணை. மண் அணை எப்படி அவ்வளவு பெரிய வெள்ளத்தைத் தாங்குகிறது? அணை உயரம் 105 அடி என்கிறார்கள், ஆனால் 102 அடி வந்ததுமே உபரிநீர் என்று ஆற்றில் விடுகிறார்கள். அடுத்த ஏப்ரலில் புஞ்சைக்குத் தண்ணீர் பற்றவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். முழுசாகத் தேக்கினால் என்ன கெட்டுவிடும்? அல்லது தூர்வாரி ஆழப்படுத்தினால் பிரச்சினை தீராதா?

பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மண் அணையின் மேல் தண்ணீர் வழியவே கூடாது. ஒரு நாள்கூட, ஒரு மணி நேரம்கூட. இந்த ஒரு கட்டாயத்திலிருந்துதான் 102 அடி விதி, ஷட்டர் இயக்கம், எச்சரிக்கை எல்லாம் வருகின்றன. வெள்ளத்தைத் தடுப்பது அணைக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர் அல்ல, அதற்கு மேலே விட்டுவைத்திருக்கும் காலி இடம். அந்தக் காலி இடத்தைத்தான் பாசனத்துக்காரர்கள் நிரப்பிக் கொடு என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவதால் வரும் சிக்கல் அது.

முதலில் அணையைப் பார்ப்போம். நீலகிரியிலிருந்து இறங்கி, அட்டப்பாடி வழியாகக் கேரளத்துக்குள் போய்த் திரும்பி, பில்லூர், மேட்டுப்பாளையம், சிறுமுகை வழியாக வரும் பவானி ஆறும், முதுமலைப் பக்கமிருந்து தெங்குமரஹடா வழியாக வரும் மாயாறும் கூடும் இடத்துக்குக் கீழே கட்டியது. 1948ல் வேலை தொடங்கி 1955ல் முடிந்தது. விடுதலைக்குப் பின் நாட்டில் கையில் எடுத்த முதல் பெரிய பாசனத் திட்டங்களில் ஒன்று. நீளம் எட்டரை கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் ஆறு ஓடிய பகுதியில் மட்டும் கல் கட்டுமானமும் மதகுகளும். இருபுறமும் மீதி முழுக்க மண்கரை. கொள்ளளவு 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). உயரம் உண்மையில் 120 அடி; அடியில் சேறு சகதிக்கென்று 15 அடியைக் கழித்துவிட்டு 105 அடி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். செய்தித்தாளில் வரும் நீர்மட்டம் எல்லாம் அந்த 15 அடிக்கு மேலே உள்ளது.

ஏன் மண்? செலவு குறைவு என்பது ஒரு காரணம். பள்ளத்தாக்கு குறுகலாக, இரு பக்கமும் பாறையாக இருந்தால் கல்லாலோ கான்கிரீட்டாலோ சின்ன அகலத்தில் அடைத்துவிடலாம். இங்கே சமவெளி விரிந்து கிடக்கிறது. எட்டு கிலோமீட்டருக்குக் கல் சுவர் எழுப்ப வேண்டுமானால் அதன் பாரத்தைத் தாங்கும் பாறை அடித்தளம் அவ்வளவு தூரமும் வேண்டும். மண்கரை தன் பாரத்தை அகலமாகப் பரப்பிவிடும். நூறு அடி உயரக் கரைக்கு அடி அகலம் ஐந்நூறு அடிக்கு மேல்கூடப் போகும். அடித்தளம் கொஞ்சம் அமிழ்ந்தாலும் கரை அதோடு அமிழ்ந்துகொள்ளும், விரிசல் விட்டு நிற்காது. மண்ணை மெல்லிய அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்கி, மேலே அடுத்த அடுக்கு. களிமண் பங்கு அதிகமான மண் நடுவில். தண்ணீர் எளிதில் கடக்காத சுவர் அதுதான். வெளிப்பக்கம் பாரத்துக்கு வேறு மண். நீர்ப்பக்கச் சரிவில் அலை அரிக்காமல் இருக்கக் கல் பதிப்பு, ஊர்ப்பக்கச் சரிவில் மழை அரிக்காமல் இருக்கப் புல்.

இப்படிக் கட்டிய கரை தண்ணீரின் தள்ளலைச் சுலபமாகத் தாங்கும். அது தாங்காதது மேலே வழியும் தண்ணீரை. வயல் வரப்பில் தண்ணீர் ஒரு விரல் அகலம் வழிய ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் அது ஓர் ஆள் இறங்கும் உடைப்பாகிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல் அணை மேல் சில அடி வழிந்தாலும் பெரும்பாலும் நின்றுவிடும். மண்கரையில் வழியும் தண்ணீர் ஊர்ப்பக்கச் சரிவை அடியிலிருந்து மேலாக வெட்டிக்கொண்டே வந்து, கரை உச்சியை அடைந்ததும் மொத்தத்தையும் திறந்துவிடும்.

இதற்கு நம் நாட்டிலேயே பயங்கரமான சாட்சி இருக்கிறது. 1979 ஆகஸ்ட் 11, குஜராத்தின் மோர்பி நகருக்கு மேலே இருந்த மச்சு இரண்டாவது அணை. அமைப்பில் பவானிசாகரின் சாயல்தான்: நடுவில் கல் மதகுப் பகுதி, இரு பக்கமும் நீண்ட மண்கரை. வினாடிக்கு 2 லட்சம் கனஅடி வரும் என்று கணக்கிட்டுக் கட்டியிருந்தார்கள். அன்று வந்த வெள்ளம் அதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். கரைமேல் வழிந்தது. மண்கரை இரு பக்கமும் அடித்துக்கொண்டு போனது. நடுவிலிருந்த கல் மதகு மட்டும் அப்படியே நின்றது. மோர்பியில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். எத்தனை பேர் என்று இன்றுவரை ஒரே எண்ணில் யாரும் உடன்படவில்லை.

இன்னொன்று நமக்குக் கிட்டத்தில். 2021 நவம்பர் 19, ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை. ஐந்து ஷட்டர்களில் ஒன்று பழுதாகித் திறக்க முடியாத நிலை. மேலேயிருந்து எதிர்பாராத வெள்ளம். மண்கரை போய்விட்டது, கீழே ஊர்கள் போயின. ஆகவே மண் அணையில் ஒரு ஷட்டர் என்பது வெறும் இரும்புத் தகடு அல்ல. கரை நிற்பதற்கும் போவதற்கும் நடுவே இருப்பது அதுதான். ஷட்டருக்குக் கிரீஸ் வைத்தார்களா, வடக்கயிறு சரியாக இருக்கிறதா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடுமா, அதுவும் ஓடாவிட்டால் கையால் சுற்றி ஏற்ற ஆள் இருக்கிறார்களா? மழைக்கு முன் பார்க்க வேண்டியவை இவைதான். 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. மந்திரி வந்து மலர் தூவும் படம் பத்திரிகையில் வருகிறது. கிரீஸ் வைக்கும் படம் வருவதில்லை.

நம் பழைய ஏரிகளிலும் இதே அறிவு இருந்தது. எந்த ஏரிக்கரையை எடுத்தாலும் ஓரத்தில் கல்லால் கட்டிய கலிங்கு இருக்கும், அதன் மட்டம் கரை உச்சிக்குச் சில அடி கீழே இருக்கும். தண்ணீர் வழிந்துதான் தீர வேண்டுமென்றால் கல்மேல் வழியட்டும், மண்மேல் வேண்டாம் என்ற ஏற்பாடு. கலிங்கில் பலகையும் மண்மூட்டையும் வைத்து இன்னும் ஓரடி தேக்கப் பார்ப்பதும், ஒரு பெருமழை இரவில் கரை உடைவதும் நம் கிராமங்களுக்குப் பழக்கமான கதை. பவானிசாகரில் 105 அடிவரை ஏன் உடனே தேக்கக் கூடாது என்ற கேள்வியும், பெரிய அளவில், அந்தப் பலகை வைக்கும் கேள்விதான்.

இனி கணக்குக்கு வருவோம். இதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் செய்தித்தாளைப் படிக்கும் விதமே மாறிவிடும். வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டிஎம்சி. தோராயமாகப் பதினோராயிரத்து ஐந்நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பவானிசாகரில் 102 அடியில் இருப்பு சுமார் 30.3 டிஎம்சி. 105 அடியில் 32.8. அதாவது கடைசி மூன்று அடியில் மட்டும் இரண்டரை டிஎம்சி. அக்டோபர் முடியும்வரை 102 அடிக்கு மேல் தேக்காமல், நவம்பரிலிருந்து 105 வரை விடலாம் என்பது நடைமுறை. அந்த மூன்று அடி காலியாக இருந்தால், கூடுதலாக வரும் 29,000 கனஅடியை ஒரு நாள் முழுக்க உள்ளேயே வாங்கிக்கொள்ள முடியும். கீழே சத்தியமங்கலத்துக்கோ கோபி பக்கத்து ஆற்றங்கரைக்கோ அந்த 29,000 கனஅடி தெரியவே தெரியாது. மூன்று அடியின் விலை அதுதான்.

இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஓர் உதாரணக் கணக்கு. மாலை ஆறு மணிக்கு நீர்வரத்து 60,000 கனஅடி ஆகிறது, விடிகாலை ஆறு மணிவரை அப்படியே நீடிக்கிறது. பொறுப்பில் இருப்பவர் ஆற்றில் 30,000 மட்டும் விடுகிறார். பன்னிரண்டு மணி நேரத்தில் அணைக்குள் சேர்வது 1.3 டிஎம்சி. 102 அடியில் இருந்திருந்தால் மட்டம் ஒன்றரை அடி ஏறி, விடியும்போது 103.5க்குப் பக்கம் நிற்கும். இன்னும் இடம் இருக்கிறது. கீழே உள்ளவர்கள் 60,000க்குப் பதில் 30,000ஐ மட்டும் பார்த்தார்கள், அதுவும் முன்னறிவிப்போடு. இதையே 105ல் இருந்து தொடங்கிப் பாருங்கள். வந்ததை வந்தபடியே 60,000 ஆக விட வேண்டியதுதான், ராத்திரியோடு ராத்திரியாக. நிறைந்த அணை வெள்ளத்தைப் பொறுத்தவரை ஏறக்குறைய இல்லாத அணை.

நடந்ததும் அப்படித்தான். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பதிவாகியது. குந்தா, பில்லூர் வழியாக அந்தத் தண்ணீர் முழுக்கக் கீழே இறங்கியது. ஆனால் பவானிசாகர் அப்போது பாதி இருப்புகூட இல்லாமல் கிடந்தது. வெள்ளத்தைப் பெரும்பாலும் உள்ளே வாங்கிக்கொண்டு, சில நாட்களிலேயே மட்டம் 20 அடிக்கு மேல் ஏறியது. அதற்கு முந்திய ஆண்டு, 2018 ஆகஸ்டில், நிலைமை வேறு. அணை ஏற்கெனவே நிரம்பி நின்றதால் வந்ததை ஆற்றில் விட வேண்டியதாயிற்று. சத்தியமங்கலத்திலும் பவானியிலும் கரையோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. மழையின் அளவைப் பார்த்தால் 2019 பெரிது. கீழே பட்ட பாட்டைப் பார்த்தால் 2018 பெரிது. இரண்டுக்கும் வித்தியாசம் அணையில் இருந்த காலி இடம்.

மேலே உள்ள பில்லூரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது மின்சாரத்துக்கும் கோவைக் குடிநீருக்குமான சிறிய அணை, 100 அடி. 97 அடி வந்ததும் நான்கு மதகையும் திறந்துவிடுவார்கள். வண்டல் வேறு நிறையச் சேர்ந்துவிட்டது. ஆகவே மலையில் பெரிய மழை பெய்தால் பில்லூர் அதை வைத்துக்கொள்ளாது. சில மணி நேரத்தில் மேட்டுப்பாளையத்தைத் தாண்டி பவானிசாகருக்கு வந்துவிடும். மாயாறு பக்கம் அந்தச் சின்னத் தடைகூடக் கிடையாது என்றே சொல்லலாம். தெங்குமரஹடாக்காரர்கள் பரிசல் போட்டு ஆற்றைக் கடப்பவர்கள். மாயாறு எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பதை அவர்களிடம் கேட்க வேண்டும்.

கீழே இன்னொரு சிக்கல். பவானி ஆறு பவானி ஊரில் கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. அங்கே வந்து சேரும் காவிரி மேட்டூரிலிருந்து வருவது. 2018லும் 2022லும் ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து மட்டும் 2 லட்சம் கனஅடியை ஒட்டித் திறந்தார்கள். காவிரி அப்படிப் பொங்கி ஓடும்போது பவானி ஆற்றுத் தண்ணீர் அதற்குள் எளிதில் கலக்காது, பின்னுக்கு ஏறி நிற்கும். அந்த நாட்களில் பவானிசாகரில் இருந்து ஒரு பத்தாயிரம் கனஅடியைக் குறைத்துப் பிடிக்க முடிந்தால் பவானி ஊருக்கும் ஈரோடு கருங்கல்பாளையத்துக்கும் அது பெரிய உதவி. மேட்டூர் உச்சம் தாண்டும்வரை இரண்டு நாள் பிடித்து வைத்து, பிறகு விடுவது. மண் அணையின் வெள்ளத் தடுப்பு என்றால் பெரும்பாலும் இதுதான்: வெள்ளத்தை இல்லாமல் ஆக்குவதில்லை, உச்சியைச் சீவி, நேரத்தைத் தள்ளிப்போடுவது. இதற்கும் காலி இடம் வேண்டும்.

இப்போது எதிர்த்தரப்பு. பாசனத்துக்காரர் பக்கம் நியாயம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கணக்கோடு சொல்ல வேண்டும். கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. ஆனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கிடையாது. ஒற்றைப்படை மதகு ஒரு பகுதி, இரட்டைப்படை மதகு ஒரு பகுதி. ஒரு பகுதிக்கு ஆகஸ்ட் பாதியிலிருந்து நஞ்சை, நெல்லுக்கு. இன்னொரு பகுதிக்கு ஜனவரியிலிருந்து புஞ்சை, கடலை எள்ளுக்கு. அடுத்த ஆண்டு மாறும். நஞ்சைக்கு வினாடிக்கு 2,300 கனஅடி வீதம் 120 நாள் என்றால் 23.8 டிஎம்சி. புஞ்சைக்கு விட்டு விட்டு முறை வைத்துக் கொடுப்பது ஏறக்குறைய 12. இவற்றுக்கு முன்னுரிமையோடு பழைய ஆயக்கட்டு (பாசன நிலம்) இருக்கிறது: கொடிவேரித் தடுப்பணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் 24 ஆயிரம் ஏக்கர் சொச்சம், 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடும் காலிங்கராயன் வாய்க்காலில் 15 ஆயிரம் ஏக்கர் சொச்சம். குடிநீர்த் திட்டங்கள் தனி.

கூட்டிப் பாருங்கள். 32.8 டிஎம்சி அணை ஒருமுறை முழுக்க நிரம்பினாலும் இத்தனைக்கும் போதாது. ஆண்டுக்குள் மேலும் மேலும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால்தான் ஓடும். இந்த நிலையில் ஆகஸ்டில் கண்முன்னே ஒரு டிஎம்சி ஆற்றில் போனால் கடைமடைக்காரருக்கு வயிறு எரியத்தான் செய்யும். அந்த ஒரு டிஎம்சி புஞ்சைத் தண்ணீரில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

அப்படியானால் 102 விதி அநியாயமா? என் கருத்து: விதி சரி, அதை இயக்கும் விதத்தில் இன்னும் சாதுரியம் வேண்டும். தேதி பார்த்து மட்டம் வைப்பது பழைய காலத்து ஏற்பாடு. மேலே என்ன பெய்கிறது என்று தெரியாத காலத்தில் அதைவிட நல்லது இல்லை. இன்று நீலகிரியில் எங்கே எவ்வளவு பெய்தது என்று மணிக்கு மணி பார்க்க முடியும். ஐந்து நாளைக்கு மழை இல்லை என்று தெரிந்தால் 102ஐக் கொஞ்சம் தாண்டவிடலாம். பெரிய மழை வருகிறதென்றால் 102ல்கூட நிற்காமல் முன்கூட்டியே இரண்டு அடி இறக்கலாம். ஆனால் முன்னறிவிப்பு பொய்த்தால் பழி யார் தலையில் விழும் என்பதுதான் இங்கே முடிச்சு. இறக்கிவிட்டு மழை வராவிட்டால் விவசாயிகள் சாலை மறியல் செய்வார்கள். இறக்காமல் விட்டு மழை வந்தால் கீழே வீடுகள் போகும். அணையில் இரவில் உட்கார்ந்திருக்கும் உதவிப் பொறியாளருக்கு இரண்டு பக்கமும் அடி. எழுதி வைத்த எண்ணைப் பிடித்துக்கொள்வதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

இந்தத் தயக்கத்துக்கு விலை கொடுத்த ஊர் சென்னை. செம்பரம்பாக்கமும் மண்கரை ஏரிதான். முழு மட்டம் 24 அடி, கொள்ளளவு 3.6 டிஎம்சி சொச்சம். 2015 டிசம்பர் 1 அன்று மழை கொட்டத் தொடங்கும்போது ஏரி 22 அடியைத் தாண்டி நின்றது. இரவுக்குள் 29,000 கனஅடி திறக்க வேண்டிய நிலை வந்தது. முன்பே சொன்ன கணக்கில் அது ஒரு நாளைக்கு இரண்டரை டிஎம்சி. ஏரியின் மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு. திறக்காமல் இருந்திருந்தால்? கரைமேல் வழிந்து, உடைந்து, மொத்தமும் ஒரே மூச்சில் அடையாற்றில் இறங்கியிருக்கும். அன்றிரவு திறந்தது தவறு என்று சொல்ல முடியாது. முந்தைய நாட்களில் திறக்காதது பற்றித்தான் வாதம். தலைமைக் கணக்குத் தணிக்கை அலுவலரின் அறிக்கையும் ஏரியை இயக்கிய முறையைக் கடுமையாகக் குறை சொன்னது. கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும்: அன்று அடையாற்றில் ஓடியது செம்பரம்பாக்கம் தண்ணீர் மட்டும் அல்ல. தாம்பரத்தில் அன்று பெய்தது 49 செ.மீ.; அந்தப் பக்கத்து ஏரிகள் பலவும் நிரம்பி வழிந்து அதே ஆற்றில்தான் விழுந்தன. ஓர் அணையின்மேல் எல்லாப் பழியையும் போடுவது எளிது, கணக்கு ஒத்துவராது.

சரி, வழியாமல் பார்த்துக்கொண்டால் மண் அணைக்கு வேறு ஆபத்தே இல்லையா? இருக்கிறது, அது சத்தமில்லாதது. கசிவு. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், கசியாத மண்கரை உலகத்தில் கிடையாது. கசிவு எங்கே வருகிறது, எவ்வளவு வருகிறது, தெளிவாக வருகிறதா கலங்கலாக வருகிறதா என்பதுதான் விஷயம். கரைக்குள் மணலும் ஜல்லியும் அடுக்கிய வடிகட்டி வைத்து, கசிவை அடியில் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்து, வடிகாலில் ஒரு பலகையில் முக்கோண வெட்டு வைத்து, அதில் எத்தனை அங்குலம் ஓடுகிறது என்று நாள்தோறும் அளந்து எழுத வேண்டும். அணை மட்டம் ஏறினால் கசிவும் ஏறும், இறங்கினால் இறங்கும், அதில் பயமில்லை. மட்டம் மாறாதபோது கசிவு மட்டும் ஏறினாலோ, தண்ணீரில் மண் கலந்து வந்தாலோ, உள்ளே ஏதோ அரிக்கிறது என்று பொருள். எலி வளை, கறையான் புற்று, கரையில் முளைத்த வேலமரத்தின் செத்த வேர், இவற்றில் எது வேண்டுமானாலும் அதற்கு வழி போட்டுக் கொடுக்கும். கரையில் மரம் வெட்டினால் பசுமைக்கு விரோதமாகத் தெரியும். ஆனால் மண் அணைக்கரையில் மரம் கூடாது, புல் போதும்.

அமெரிக்காவின் ஐடஹோவில் டீட்டன் அணை, சுமார் 300 அடி உயர மண் அணை, 1976 ஜூன் 5 அன்று முதன்முறை நிரம்பிக்கொண்டிருந்தபோது காலையில் கலங்கல் கசிவைக் கண்டார்கள். புல்டோசர் கொண்டு அடைக்கப் போனார்கள்; புல்டோசர்களே உள்ளே போய்விட்டன. நண்பகலுக்கு முன் அணை உடைந்தது. நம் பக்கம் 1961 ஜூலை 12, புனேக்கு மேலே பான்ஷேத். வேலை முழுக்க முடியாமலே தண்ணீர் தேங்கிவிட்ட மண் அணை, தண்ணீர் வெளியேறும் குழாயை ஒட்டி மண் இறங்கிப் போய்விட்டது. அந்த வெள்ளம் கீழேயிருந்த கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு புனேக்குள் நுழைந்தது.

அதிகம் பேசப்படாத இன்னொன்று: மண் அணையைச் சட்டென்று காலி செய்யவும் கூடாது. மாதக்கணக்கில் ஊறிய நீர்ப்பக்கச் சரிவு உள்ளே தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெளியே மட்டம் வேகமாக இறங்கினால், தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் போய்விடும், உள்ளே ஊறிய தண்ணீரோ வடிந்திருக்காது. சரிவு அப்படியே வழுக்கி இறங்கிவிடும். 1981ல் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் அணையில் இப்படி நடந்தது. "பெரிய மழை வருகிறதென்றால் இரண்டே நாளில் முப்பது அடி இறக்கிவிட வேண்டியதுதானே" என்பவர்களுக்கு இதுதான் பதில். மேலே சில அடி இறக்கலாம். பாதியைக் காலி செய்வது முடியாது, செய்யவும் கூடாது.

கசிவைப் பற்றிச் சொல்லும்போது கீழ்பவானி வாய்க்கால் கான்கிரீட் தகராறையும் தொடாமல் போக முடியாது. வாய்க்காலில் கரையையும் தளத்தையும் கான்கிரீட் போட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகும் என்று ஒரு தரப்பு. போட்டால் கசிவுநீரை நம்பியிருக்கும் கிணறுகள் வற்றும் என்று இன்னொரு தரப்பு. அணைக்கரையில் கசிவு பகை. வாய்க்காலில் அது பல ஊர்களுக்குக் குடிநீர். அறுபது எழுபது ஆண்டுகளாக அந்தக் கசிவை நம்பித் தென்னையும் மஞ்சளும் வைத்தவர்களை "வீணாகும் நீரைச் சேமிக்கிறோம்" என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. அதேபோல, பலவீனமான கரை உடைந்து வாய்க்கால் நின்றால் பாதிக்கப்படுவதும் அவர்கள்தான். உடையும் இடங்களைப் பலப்படுத்திவிட்டு மற்ற இடத்தை மண்ணாகவே விடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

தூர்வாரும் கேள்வி கடைசி. அடிக்கடி கேட்கிறார்கள், கணக்கு போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு டிஎம்சி என்பது 2 கோடியே 83 லட்சம் கன மீட்டர். ஒரு டிப்பரில் 10 கன மீட்டர் ஏற்றலாம் என்று வையுங்கள்: 28 லட்சம் லோடு. நாளொன்றுக்கு ஆயிரம் லோடு, ஒரு நாள் லீவு இல்லாமல், மழை வெள்ளம் எதுவும் குறுக்கிடாமல் ஓட்டினால் ஏழே முக்கால் ஆண்டு. அவ்வளவு மண்ணை எங்கே கொட்டுவது? அதுவும் அணை வற்றிக் கிடக்கும் சில மாதங்களில்தான் செய்ய முடியும். அந்த வேலை முடிவதற்குள் இரண்டு ஆறும் புது வண்டலைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். கோடையில் விவசாயிகள் வண்டல் எடுத்துப் போவது நல்லது, நிலத்துக்கு அது உரம். ஆனால் அதனால் அணையில் இடம் கூடிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மேல்மலையில் சரிவுகளில் மண் அரிக்காமல் பார்த்துக்கொள்வது இதைவிட மலிவு.

இடையில் ஒரு சுவாரசியம். அணை வெகுவாக வற்றும் ஆண்டுகளில், 50 அடிக்குக் கீழே போகும்போது, மூழ்கிக் கிடக்கும் டணாயக்கன் கோட்டைக் கோயில் தலைகாட்டும். ஜனங்கள் பரிசல் ஏறிப் போய்ப் பார்ப்பார்கள். பத்திரிகைகளில் படம் வரும். பாசனத்துக்காரருக்கு அந்தப் படம் நல்ல செய்தி அல்ல. ஏனென்றால் 50 அடி என்பது பாதி அணை அல்ல. அடிப்பகுதி குறுகி மேலே விரிந்து போகும் நீர்த்தேக்கத்தில் 50 அடிக்கான இருப்பு ஐந்து டிஎம்சியை ஒட்டித்தான். கீழே பத்து அடி ஏறுவதும் மேலே பத்து அடி ஏறுவதும் ஒன்றல்ல.

ஆகவே அடுத்த ஆகஸ்டில் செய்தியைப் பார்க்கும்போது நீர்மட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். நீர்வரத்து எவ்வளவு, வாய்க்காலுக்கு எவ்வளவு, ஆற்றில் எவ்வளவு என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். வரத்தில் வெளியேற்றத்தைக் கழித்து 11,574ஆல் வகுத்தால் ஒரு நாளில் எத்தனை டிஎம்சி ஏறும் என்று நீங்களே சொல்லிவிடலாம். மட்டம் 100ஐத் தாண்டி, பில்லூரும் 97ல் நின்று, அவலாஞ்சியிலும் மேல்பவானியிலும் மழை தொடர்கிறதென்றால் வருவாய்த்துறை எச்சரிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆற்றங்கரையில் மோட்டார் வைத்திருப்பவர்கள் அன்று மாலையே அதைக் கழற்றி மேலே ஏற்றிவிடுங்கள், ஆற்றோரம் கட்டிய மாட்டை அவிழ்த்து வீட்டுக்கு ஓட்டிவந்துவிடுங்கள். கொடிவேரிக்குக் குளிக்கப் போகும் திட்டம் இருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள்.